முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தவறுகள்

விபாசனா என்ற 10 நாள் மௌனத் தியான முகாமில் 10-ஆம் நாள் காலை மௌனம் முடியும். ஒன்பது நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடமாடியவர்கள் அதற்கப்புறம் பேசுகிற பேச்சு இருக்கிறதே, கல்யாண வீடு தோற்றுவிடும். யார் 2-ஆம் நாளே பெட்டியைக் கட்டினார், யாருக்கு 6-ஆம் நாள் முட்டி கழன்றுவிடும் போலிருந்தது, யாருக்கு உடம்பே லேசாகிப் போனது என்று ஒரே அமர்க்களம். எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சி தெரியும். அந்தக் கூட்டத்தில் கட்டாயம் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "வீட்டுக்குப் போயும் காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். இனி விடறதா இல்ல."

சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அது முழு உண்மை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவரைப் பார்த்து "தியானம் எப்படிப் போகுது?" என்று கேட்டால், "வேலை கொஞ்சம் ஜாஸ்தி..." என்று இழுப்பார். சிலர் பேச்சையே மாற்றிவிடுவார்கள். சிலரோ "அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க" என்று முடிவே கட்டியிருப்பார்கள்.

இது விபாசனாவுக்கு மட்டும் உரிய கதை இல்லை. யோகா வகுப்பு, மனவளக்கலை, காலை 5 மணிக்கு எழும் விரதம், நாட்குறிப்பு எழுதுவது என்று தன்னைச் சீர்படுத்திக்கொள்ளக் கிளம்பும் எந்த வழியிலும் முதல் சில வாரத்து உற்சாகம் ஒன்று வரும், பிறகு வடியும். வடிகிற இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். விபாசனாவை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், அதன் நடைமுறை எல்லா மையங்களிலும் ஒன்றே; எது முகாமின் வேலை, எது நம் வேலை என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்.

முகாமில் கிடைத்த சுகம் எங்கிருந்து வந்தது?

எஸ். என். கோயங்கா (1924–2013) வகுத்த 10 நாள் முகாமின் நேர அட்டவணையைப் பாருங்கள். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30-க்கு உட்கார வேண்டும். 11 மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை 5 மணிக்கு டீயும் கொஞ்சம் பழமோ பொரியோ. முன்பே ஒரு முகாம் முடித்த பழைய மாணவர்களுக்கு அதுவும் கிடையாது, எலுமிச்சைச் சாறு மட்டும். 7 மணிக்கு உரை, 9:30-க்கு விளக்கு அணையும். ஒரு நாளில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் கிட்டத்தட்ட 10 மணி நேரம். முதல் 3 நாள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா, 4-ஆம் நாளில்தான் உடம்பின் உணர்ச்சிகளைக் கவனிக்கும் விபாசனா.

இதில் சேர்க்கப்பட்டதைவிட நீக்கப்பட்டவைதான் அதிகம். செல்போன் இல்லை. படிக்க எழுத எதுவும் இல்லை. பேச்சு இல்லை, சைகைகூட இல்லை. சமைக்க வேண்டாம், சம்பாதிக்க வேண்டாம், பிள்ளையின் வீட்டுப்பாடம் இல்லை, மாமியார் இல்லை, மேலாளர் இல்லை. கட்டணமும் கிடையாது, முன்பு முகாம் முடித்தவர்கள் தந்த நன்கொடையில் நடக்கிறது. இப்படி ஒரு 10 நாள் யாரையாவது உட்காரவைத்தால், தியானமே சொல்லித்தராவிட்டாலும் தலை கொஞ்சம் குளிரத்தான் செய்யும். பயிற்சி செய்த வேலையும் சூழ்நிலை செய்த வேலையும் கலந்துதான் அந்த 10-ஆம் நாள் முகத்தெளிச்சி.

வீட்டுக்கு வந்ததும் சூழ்நிலையின் பங்கு முழுசாகக் கழன்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது பயிற்சியின் பங்கு. அது சின்னது, புதியது. இந்தக் கணக்குத் தெரியாமல், "அங்கே வந்தது இங்கே வரவில்லையே" என்று அந்தச் சுகத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் இதுதான் தாய்.

நல்ல அனுபவத்துக்கு மனம் பழகிப்போய்ப் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதை உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்பலும் 1971-லேயே எழுதினார்கள். புது வீடு, புது வண்டிக்கு எப்படியோ அப்படித்தான் தியானத்தில் வரும் சுகத்துக்கும். ஆனால் அவர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே இதைத் தியானத்தை வைத்தே சொன்னவர் ஒருவர் இருக்கிறார். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் இருந்து எழுதிய பௌத்த அறிஞர் புத்தகோசர். அவருடைய விசுத்திமக்கம் என்ற நூலில், விபாசனா செய்கிறவருக்கு நடுவழியில் வரும் பத்து மாசுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மாசு என்றதும் கோபம், காமம், பொறாமை என்று நினைப்போம். பட்டியலில் இருப்பவையோ ஒளி, அறிவு, ஆனந்தம், அமைதி, இன்பம், உறுதியான நம்பிக்கை, ஊக்கம், கூர்மையான நினைவு, சமநிலை. ஒன்பதும் நல்லவை. பத்தாவதுதான் விஷயம்: இவற்றின் மேல் வரும் பற்று. இவை வந்ததும் "அடைந்துவிட்டேன்" என்று நினைத்துப் பயிற்சியை விட்டுவிட்டு அந்த இன்பத்தில் உட்கார்ந்துவிடுவார்கள் என்கிறார். முதல் வாரத்துப் பரவசத்தை இத்தனை துல்லியமாகப் பிடித்தவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கோயங்காவும் மாலை உரைகளில் இதையே திரும்பத் திரும்பச் சொல்வார். உடம்பெல்லாம் மெல்லிய அதிர்வாக ஓடும் சுகமான உணர்ச்சி வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, வலி வந்தால் அதையும் வெறுக்காதே, இரண்டும் போகிறவை என்று. கேட்கும்போது எல்லாரும் தலையாட்டுவோம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கண் மூடி அந்த ஓட்டத்தைத்தான் தேடுவோம்.

திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் புதுசு

முகாம் முடிந்து வருகிறவர்கள் போடும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காலை 4 மணிக்கு எழுவது. இரு வேளை தியானம். அசைவம் நிறுத்தம். ராத்திரிச் சாப்பாடு இல்லை. டிவி இல்லை. வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகல். இத்தனையும் ஒரே திங்கட்கிழமை.

அலுவலகம் விட்டு ராத்திரி 9 மணிக்கு வீடு திரும்பி, 11:30-க்குப் படுக்கிறவர் 4 மணிக்கு எழுந்தால் தூக்கம் நாலரை மணி நேரம். முதல் வாரம் உற்சாகம் தாங்கும். இரண்டாம் வாரம் ஆசனத்திலேயே தூக்கம் வரும். மூன்றாம் வாரம் பகலில் எரிச்சல் வரும், அந்த எரிச்சல் மனைவி மேலோ பிள்ளை மேலோ விழும். அப்புறம் "தியானம் பண்ணியும் கோபம் குறையலயே" என்று தியானத்தின் மேல் பழி. குறைந்தது தூக்கம்தான்.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று யாரோ எப்போதோ சொல்லி, அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அதன் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். மூக்கைத் திருத்தியவர் கண்ணாடிக்குப் பழகுவதும் ஒருவர் விடிகாலையில் எழுந்து உட்காரப் பழகுவதும் ஒன்றா? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியின் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழக சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தாற்போல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் தவறியதும் "போச்சு, எல்லாம் போச்சு" என்று மூட்டை கட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

புத்தர் காலத்துச் சோணன் கதை இந்த இடத்துக்கென்றே இருக்கிறது. சம்பா நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை, செல்லமாக வளர்ந்தவர். துறவியானதும் வேகம் தாங்காமல், நடந்தே தியானம் செய்து பாதம் கிழிந்து ரத்தம் வரும் அளவுக்குப் போய்விட்டார். பலன் ஒன்றும் தெரியவில்லை. பேசாமல் வீட்டுக்கே போய்விடலாமா, சொத்து இருக்கிறதே, தானதர்மம் செய்துகொண்டு இருக்கலாமே என்று நினைத்தார். புத்தர் வந்து அவரிடம் தத்துவம் பேசவில்லை. "வீட்டில் இருந்தபோது வீணை நன்றாக வாசிப்பாயாமே?" என்று கேட்டார். நரம்பை ரொம்ப முறுக்கினால் நாதம் வருமா, ரொம்பத் தளர்த்தினால் வருமா என்று கேட்டு, முயற்சியையும் அப்படிச் சுருதி சேர்த்துக்கொள் என்றார். வேகமாக ஆரம்பித்து வீட்டுக்கு ஓட நினைப்பது நம் காலத்து நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை.

என்னைக் கேட்டால், முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். 10:30-க்குப் படுக்கப் பழகிய பிறகு 5 மணியைப் பற்றி யோசிக்கலாம். மையங்கள் சொல்வது காலை ஒரு மணி, மாலை ஒரு மணி. அது நல்ல இலக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் முடியாது என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்கள்தான் அதிகம். காலையில் 20 நிமிடம், பல் தேய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததும், அதே இடத்தில், அதே பாயில். காய்ச்சல் வந்தாலும் வெளியூர் போனாலும் 5 நிமிடம். இரண்டு மூன்று மாதம் இது நின்றுவிட்டால் நேரத்தைக் கூட்டுவது பெரிய விஷயமே இல்லை. அசைவமும் டிவியும் அதுவரை அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்

காலை ஆறரை மணி. நடுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்த ஆள் இல்லை. சின்னவன் ஒரு சாக்ஸைக் காணோம் என்று கத்துகிறான். உள்ளே இருப்பவர் மூச்சைக் கவனிக்கிறார், கூடவே ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டு வருகிறார். நாலாவது விசிலில் கதவு படாரென்று திறக்கிறது. "ஒரு அரை மணி நேரம் மனுஷன் நிம்மதியா உக்கார முடியுதா இந்த வீட்ல?"

கரண்டியும் கையுமாக நிற்கும் மனைவி நிதானமாகக் கேட்கிறார்: "ஏங்க, பத்து நாள் போய்ட்டு வந்தீங்களே, அங்க இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டு தவறுகள் இதில் பின்னிக் கிடக்கின்றன. அமைதிக்குச் சத்தமில்லாத வீடு வேண்டும் என்று நினைப்பது ஒன்று. முகாமில் மூக்குக்குக் கீழே ஓர் அரிப்பு வந்தால் சொறியாமல் அதைக் கவனிக்கச் சொன்னார்கள். குக்கர் விசிலும் அந்த அரிப்பும் ஒரே வகைதான். சத்தம் வருகிறது, நெஞ்சில் ஒரு சுருக், தாடை இறுகுகிறது, மூச்சு மேலே ஏறுகிறது. அதைக் கவனிக்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்? அமைதியான மண்டபத்தில் கற்றதைப் பழகிப் பார்க்க வீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இன்னொன்று, நம் தியானத்தின் செலவை வேறு யார் தலையிலோ கட்டுவது. அந்த அரை மணி நேரத்தில் மோட்டாரை நிறுத்துவதும் சாக்ஸைத் தேடுவதும் ஒரே ஆளின் வேலையாகிவிட்டால், அங்கே ஒருவருக்கு அமைதி, ஒருவருக்கு இரண்டு மடங்கு ஓட்டம். நம் ஊரில் அந்த இரண்டாவது ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதே பெண் தியானத்துக்கு உட்கார்ந்தால் "சட்னி அரைச்சாச்சா?" என்று கதவைத் தட்டுவார்கள். எனவே நேரத்தை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஆறரை மணி சரிப்படாது என்றால் ஐந்தரை, அதுவும் முடியாது என்றால் எல்லாரும் கிளம்பிய பிறகு, அல்லது ராத்திரி. காலையில் நீங்கள் உட்கார்ந்தால் மாலையில் அவர் உட்காரட்டும், பாத்திரம் உங்கள் பொறுப்பு. அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். ஒன்றும் குடி முழுகாது.

உபதேசம் இதன் அடுத்த கட்டம். வெங்காயம் பூண்டு தாமசம், சீரியல் பார்த்தால் மனம் கெடும், "நீ ரியாக்ட் பண்ற, அப்சர்வ் பண்ணு". சண்டையில் கோபமாக இருக்கும் ஒருவரிடம் "அப்சர்வ் பண்ணு" என்று சொல்வதைப் போல எண்ணெய் ஊற்றும் வேலை வேறு இல்லை. முகாமின் விதியே அடுத்தவர் பயிற்சியில் தலையிடாதே என்பதுதான். வீட்டுக்கும் அதைக் கொண்டுவரலாம். மாற்றம் இருந்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அம்மாக்கள் இதில் கெட்டி.

பழைய நண்பர்களை "நெகட்டிவ்" என்று ஒதுக்குவதையும் இதோடு சேர்க்கலாம். குடிக்கக் கூப்பிடும் நண்பரிடம் "வரல மச்சி" என்று சொல்வது வேறு, அவர் அப்பா இறந்ததற்குக்கூடப் போகாமல் இருப்பது வேறு.

அமைதிக்குள் போய் ஒளிந்துகொள்வது

இது எல்லாவற்றையும்விட நுட்பமான தவறு, ஆபத்தானதும்கூட. வெளியிலிருந்து பார்த்தால் பக்குவம் போலவே இருக்கும்.

அண்ணன் தம்பிக்குள் ஊர் நிலத்தைப் பிரிப்பதில் ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. தம்பி தியானத்துக்குப் போக ஆரம்பிக்கிறார். "எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை, எல்லாம் அநித்தியம்" என்கிறார். நல்லது. ஆனால் அண்ணன் பெயர் போனில் வந்தால் எடுப்பதில்லை. பத்திரம் அப்படியே கிடக்கிறது. இவர் அடைந்திருப்பது அமைதி என்று நான் சொல்ல மாட்டேன். புண்ணின் மேல் விபூதி பூசியிருக்கிறார்.

ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர், தானே பௌத்தப் பயிற்சியில் இருந்தவர், 1980-களில் இதற்கென்று ஒரு பெயரே வைத்தார்: ஆன்மிகத்தைக் காட்டிக் குறுக்குவழியில் நழுவுவது. தீர்க்காத உறவுச் சிக்கல், கடன், பயம், துக்கம் எல்லாவற்றையும் பெரிய தத்துவத்தைச் சொல்லித் தாண்டிப் போகப் பார்ப்பது.

வேதாத்திரி மகரிஷியின் (1911–2006) மனவளக்கலையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இங்கே வருகிறது. அதில் தவத்தோடு அகத்தாய்வு என்று ஒரு பகுதி உண்டு: எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது. சினம் தவிர்க்கும் பயிற்சியில் தாளை எடுத்து, யார் யார் மேல் கோபம், எந்தச் சூழ்நிலையில், ஏன் என்று எழுத வேண்டும். முதல் பெயர் பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர் பெயராகத்தான் இருக்கும். கூச்சமான வேலை. அதனாலேயே பலர் ஆக்கினை, துரியம் என்று தவத்தில் படி ஏறுவதில் காட்டும் ஆர்வத்தை இந்தத் தாளில் காட்டுவதில்லை. எந்த முறையில் இருப்பவரும் இந்த ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளலாம். எழுதி, அதில் பேசித் தீர்க்க வேண்டியதைப் பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க வேண்டும். மாதத் தவணை கட்டவில்லை என்ற கவலைக்கு மருந்து, வங்கிக்குப் போய்ப் பேசுவது. அதற்குப் போகும் தைரியத்தைத் தியானம் தரலாம். தவணையை அது கட்டாது.

உடல்நலத்திலும் மனநலத்திலும் இந்தத் தவறு செய்தால் விலை அதிகம். பல வாரமாகத் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருவது தீர்வு கிடையாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் "தியானம் வந்துவிட்டது" என்று தானாக நிறுத்தவே கூடாது. விபாசனா மையங்களின் விண்ணப்பப் படிவத்திலேயே மனநலப் பிரச்சினை, மருந்து பற்றிய கேள்விகள் இருக்கின்றன. இடம் கிடைக்காதோ என்று சிலர் அதை மறைப்பதுண்டு. மறைக்காதீர்கள். நீண்ட நேரத் தியானத்தில் சிலருக்குக் கடும் பதற்றம், பயம், தூக்கமின்மை, தான் என்ற உணர்வே குழம்புவது போன்றவை வருவதை 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பயிற்சியாளர்களையும் ஆசிரியர்களையும் நேரில் பேசிப் பதிவு செய்திருக்கிறது. அப்படி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. நிறுத்திவிட்டு ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

சான்றிதழ் சேகரிப்பு

சுகம் வடிந்ததும் வரும் முதல் யோசனை, "இந்த முறை நமக்குச் செட் ஆகல". அடுத்து இன்னொரு முகாம், இன்னொரு குரு, இன்னொரு மூச்சுப் பயிற்சி. ஒவ்வொன்றிலும் முதல் வாரம் அபாரமாக இருக்கும், ஏனென்றால் முதல் வாரம் எதிலும் அபாரமாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் கையில் நாலு தீட்சை, ஏழு சான்றிதழ், போனில் மூன்று செயலி. செயலியில் "தொடர்ந்து 40 நாள்" என்று எண் ஓடும். 41-ஆம் நாள் விட்டுப்போனால் அன்று முழுக்க மனம் கெட்டுக் கிடக்கும். எண்ணைக் காப்பாற்ற ராத்திரி 11:50-க்குப் படுக்கையில் படுத்தபடி பொத்தானை அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு முறையை எடுத்தால் ஒரு வருடமாவது அதில் இருந்து பாருங்கள். முறை தவறானது என்றால் அதற்குள் தெரிந்துவிடும். யூடியூபில் தியானத்தைப் பற்றிய உரை கேட்பது தியானக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கும் சுகத்துக்காகக் கேளுங்கள்.

இன்று சரியாக வரவில்லை

தொடர்ந்து செய்கிறவர்களையும் விடாமல் பிடிக்கும் தவறு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் மதிப்பெண் போடுவது. "இன்னைக்கு நல்லா இருந்துச்சு", "இன்னைக்கு மனசு நிக்கவே இல்ல".

எண்ணமே வரக் கூடாது என்று உட்கார்ந்தால் எண்ணம்தான் வரும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் மாணவர்களிடம் ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். நினைக்காமல் இருக்க முடியவில்லை என்பதோடு, பிறகு நினைக்கலாம் என்று விட்டதும் அவர்களுக்கு முன்னைவிட அதிகமாகக் கரடி வந்தது. நமக்குக் கரடிக்குப் பதில் அலுவலகம்.

மனம் ஓடிப்போவதும், ஓடியது தெரிவதும், திருப்பிக் கொண்டுவருவதும்தான் பயிற்சி. 20 நிமிடத்தில் முப்பது தடவை ஓடி முப்பது தடவை திரும்பியிருந்தால் அன்று வேலை நன்றாக நடந்திருக்கிறது. சப்பென்று, சுவாரசியமே இல்லாமல் வாரக்கணக்கில் போகும் காலமும் வரும். அந்தச் சப்பென்ற காலத்தில் யார் பேசாமல் போய் உட்காருகிறாரோ அவரிடம்தான் பின்னாளில் வித்தியாசம் தெரிகிறது. இதற்கு ஆய்வு ஒன்றும் என் கையில் இல்லை, பலரைப் பார்த்ததில் வந்த அபிப்பிராயம்.

அளக்கத்தான் வேண்டும் என்றால் ஆசனத்தை விட்டு வெளியே அளக்கலாம். கல்யாண வீட்டில் மச்சான் நாலு பேர் முன்னால் "என்ன மாப்ள, இன்னும் அதே கம்பெனிதானா?" என்று ஒரு வார்த்தை விடுகிறார். சுருக்கென்றுதான் இருக்கும், அது போகாது. முன்பெல்லாம் அந்த வார்த்தை பந்தியில் ஆரம்பித்து, காரில் மனைவியிடம் சண்டையாகி, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து, மூன்று நாள் ஓடியிருக்கும். இப்போது பாயசம் வருவதற்குள் ஆறிவிடுகிறதா? திருப்பிக் கொடுக்க வாயில் வந்த பதிலைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கிறதா? பிள்ளையிடம் கத்திவிட்டால் "அப்பா கத்தியிருக்கக் கூடாதுடா" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிறது? கோபம் வந்ததா என்ற கேள்வியில் எல்லாரும் தோற்போம். எவ்வளவு நேரம் தங்கியது, எத்தனை பேரைக் கடித்தது என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும். இதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

இந்த முறையைப் பரப்பியவர்கள் யார் என்று பார்த்தால் இந்த அளவுகோல் ஏன் பொருந்துகிறது என்று புரியும். கோயங்கா தீராத ஒற்றைத் தலைவலிக்காக மருத்துவர்களைச் சுற்றிவிட்டு 1955-ல் தியானத்துக்கு வந்த பர்மா வியாபாரி, குடும்பஸ்தர். அவருக்குக் கற்றுத்தந்த ஊ பா கின், பர்மா அரசின் தலைமைக் கணக்காயர். கோப்புகளுக்கு நடுவே இருந்தவர், அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லித்தந்தவர். பட்ஜெட்டும் பாக்கியும் பார்த்தபடியே பழகிய அமைதி அது.

விட்டுப்போனவர்களுக்கு

ஆறு மாதமோ ஆறு வருடமோ விட்டுப்போயிருந்தால், திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய அட்டவணையைத் தூசு தட்டாதீர்கள். குற்ற உணர்ச்சியோடு முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டாம் நாள் உட்கார மாட்டீர்கள். முகாமிலேயே முதல் 3 நாள் மூச்சு மட்டும்தானே? வீட்டிலும் முதல் ஒரு வாரம் 10 நிமிடம் மூச்சை மட்டும் பாருங்கள். மனம் ரொம்பக் கொந்தளிக்கும் நாட்களிலும் அப்படித்தான். உடம்பைத் தலை முதல் கால் வரை பார்க்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தனியாக முடியவில்லை என்றால் துணை தேடுங்கள். பழைய மாணவர்கள் வாரம் ஒரு தடவை சேர்ந்து உட்காரும் கூட்டுத் தியானம் பல ஊர்களில் நடக்கிறது, யாராவது ஒருவர் வீட்டு மாடியில்கூட. சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது போன்ற மையங்களில் முன்பு 10 நாள் முடித்தவர்களுக்கு ஒரு நாள் முகாம்கள் உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், விடுமுறை எடுக்கத் தேவையில்லை. போவதற்கு முன் மையத்தில் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்; வீட்டில் அன்றைய சமையலை யார் பார்ப்பது என்பதையும் முந்தின நாளே பேசிவிடுங்கள்.